அப்பாவோட இஞ்ச் டேப்பும் 17 இஞ்ச் சீட்டும்

அப்பாவ டல்லாஸ்ல தங்கச்சி வீட்ல விட்டுட்டு நான் மட்டும் திருச்சிக்கு திரும்பி வந்து மூணு வாரம் ஆச்சு. வந்த அன்னைக்கே இத எழுதணும்னு நெனச்சேன், ஆனா அப்ப இருந்த கோவத்துல எழுதியிருந்தா வெறும் திட்டா போயிருக்கும், அதனால கொஞ்சம் படிச்சு, தெரிஞ்சவங்ககிட்ட விசாரிச்சு, இப்பதான் உக்காந்து எழுதுறேன். விஷயம் என்னன்னா பிளைட் சீட்டு. இதுல என்னடா எழுதுறதுக்கு இருக்குன்னு தோணலாம், பதினாறு மணி நேரம் ஒரு எழுபத்தோரு வயசு மனுஷன் அதுல உக்காந்து வந்தத பக்கத்துல இருந்து பாத்தவனுக்கு எழுதுறதுக்கு நெறைய இருக்கு.

அப்பா உறையூர்ல 44 வருஷம் டெய்லர் கடை வச்சிருந்தவரு. கடைய மூடி நாலு வருஷம் ஆகியும் சட்டைப் பையில இஞ்ச் டேப்பும் ஒரு சின்ன நோட்டும் இல்லாம வெளிய கெளம்ப மாட்டாரு. பெடல் மிஷின மிதிச்சு மிதிச்சு வலது முட்டி தேஞ்சு போச்சு, ஆபரேஷன் வேணாம்னு சொல்லிட்டு தைலம் தேச்சே ஓட்டிட்டு இருக்காரு. ஆள் நல்ல உயரம், அஞ்சடி பத்து அங்குலம். பேத்தி பொறந்து எட்டு மாசம் ஆச்சு, போன்லயே பாத்துட்டு இருந்தவருக்கு நேர்ல பாக்கணும், நானும் லீவு போட்டு கூட்டிட்டு போனேன்.

சென்னைல ஏறி வளைகுடால ஒரு ஊருக்கு நாலரை மணி நேரம், அங்க மாறி ஏறி டல்லாஸுக்கு பதினாறு மணி நேரம். ஏர்லைன் பேர சொல்லப்போறதில்ல, ஏன்னா இது ஒரு ஏர்லைன் பண்ற தப்பு இல்ல, ஊர்ல இருக்குற முக்காவாசி ஏர்லைனும் இதத்தான் பண்ணுது. டிக்கெட் போடும்போது சீட் செலக்ட் பண்ண தனியா காசு கேட்டுச்சு, கால் நீட்டுற மாதிரி சீட்டுன்னா இன்னும் அதிகம், போக வர ரெண்டு பேருக்கும் கூட்டிப் பாத்தா ஒரு டொமஸ்டிக் டிக்கெட் விலை வந்துச்சு. ஒரே புக்கிங்தானே, பக்கத்து பக்கத்துலதான் குடுப்பாங்கன்னு நம்பி விட்டுட்டேன். செக்கின்ல பாத்தா அவருக்கு 38வது வரிசை, நடுவுல இருக்குற நாலு சீட்டுல உள்ள சீட்டு. எனக்கு 41. கவுன்டர்ல கேட்டேன், பிளைட் ஃபுல் சார், உள்ள போய் யார்கிட்டயாவது கேட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொன்னாங்க.

இந்த அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கங்கற வார்த்தைய பத்தி பின்னாடி சொல்றேன்.

முதல் பிளைட்ட எப்படியோ ஓட்டிட்டாரு. ரெண்டாவது போயிங் 777, வரிசைக்கு பத்து சீட்டு, 3-4-3. ஏறி மூணு மணி நேரம் கழிச்சு, சாப்பாடு குடுத்து லைட்ட அணைச்சதுக்கு அப்புறம் அவர பாக்க போனேன். முன்னாடி உக்காந்திருந்தவரு சீட்ட சாச்சுட்டாரு, அவர குத்தம் சொல்ல முடியாது, சாயறதுக்குத்தான் அந்த பட்டன வச்சிருக்காங்க. அப்பா ரெண்டு தோளையும் முன்னாடி குறுக்கி, கைய மடியில கட்டிக்கிட்டு, போட்டோவுக்கு நிக்கிற ஸ்கூல் பையன் மாதிரி உக்காந்திருந்தாரு. என்னப்பா தூங்கலயான்னேன். இல்லடா, கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல, ரெண்டு பக்கமும் புள்ளைங்க தூங்குது, இடிச்சா முழிச்சுக்கும்னாரு. அப்புறம் அந்த நோட்ட எடுத்து ஸ்கிரீன் வெளிச்சத்துல காட்டுனாரு.

கடைல கஸ்டமர் அளவு எழுதுற மாதிரியே எழுதி வச்சிருந்தாரு. சீட் அகலம், கைப்பிடிக்கு கைப்பிடி 17. முதுகு சாயுற எடத்துல இருந்து முன்சீட்டு முதுகு வரைக்கும், முட்டிக்கு நேரா 27½. கீழ அவரோட சொந்த அளவு: முதுகுல இருந்து முட்டி நுனி வரைக்கும் 25. அதுக்கும் கீழ, சட்டை ஷோல்டர் 18, குறுக்க கையோட சேத்து 20.

அந்த கடைசி அளவத்தான் விரல வச்சு காட்டுனாரு. சட்டைக்கு அளவெடுக்கும்போது நாங்க ஷோல்டர் மூட்டுல இருந்து மூட்டுக்கு எடுப்போம், அது பதினெட்டு, ஆனா மனுஷன் மூட்டோட முடிஞ்சு போறதில்ல, அதுக்கு வெளிய கை தொங்குது, அதையும் சேத்தா சாதாரண ஆம்பளைக்கு இருபதுக்கு குறையாது, இங்க பதினேழுல உக்கார வச்சா மிச்ச மூணு இஞ்ச் எங்க போகும், பக்கத்து ஆள் மேலதான் போகும், அப்படின்னாரு. அந்த நேரத்துல எனக்கு பதில் சொல்லத் தெரியல.

அதுக்கு அப்புறம் படிச்சதுல புரிஞ்சது இதுதான். 777 விமானம் 1995ல சேவைக்கு வந்தப்ப பெரும்பாலான ஏர்லைன்ஸ் எகானமில வரிசைக்கு ஒம்போது சீட்டுதான் போட்டாங்க, ஒரு சீட்டு பதினெட்டு, பதினெட்டரை இஞ்ச் வந்துச்சு. விமானத்தோட உடம்பு ஒரு இஞ்ச் கூட பெருசாகல, ஆனா போகப் போக ஒவ்வொரு ஏர்லைனா அதே அகலத்துல பத்தாவது சீட்ட நுழைச்சுட்டாங்க. சீட்டு பதினேழு ஆச்சு, கைப்பிடி ஒல்லியாச்சு, நடக்குற வழி குறுகிப் போச்சு. எகானமில முப்பது வரிசை இருக்குன்னா முப்பது டிக்கெட் கூடுதலா விக்கலாம், அதுக்கு ஆகுற எரிபொருள் செலவு கொஞ்சம்தான். போயிங் 787க்கும் இதே கதைதான், வரிசைக்கு எட்டுன்னு சொல்லி அறிமுகம் ஆன விமானம், இன்னைக்கு கிட்டத்தட்ட எல்லாரும் ஒம்போது வச்சிருக்காங்க, ஜப்பான் ஏர்லைன்ஸ் மட்டும் வெளிநாட்டு ரூட்டுக்கு ஓட்டுற 787ல இன்னும் 2-4-2ன்னு எட்டுலயே நிக்கிறாங்க. ஏர்பஸ் கம்பெனி 2013ல தூர பயணத்துக்கு 18 இஞ்ச் குறைஞ்சபட்ச அளவா எல்லாரும் வச்சுக்கணும்னு பிரச்சாரமே பண்ணுச்சு. அவங்க விமானத்தோட உடம்பு அந்த அளவுக்கு தோதா இருந்ததும் ஒரு காரணம்தான், ஆனா சொன்னது சரியான விஷயம், யாரும் காதுல போட்டுக்கல.

இத நான் போன்ல அப்பாகிட்ட சொன்னப்ப அவரு கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, அப்போ ஒம்போது பேரு துணில ஆளுக்கு ஒன்ற இஞ்ச் வெட்டி பத்தாவதா ஒரு சட்டைய தச்சு வித்துட்டாங்கன்னு சொல்லுன்னாரு. டெய்லர் தொழில்ல அதவிட பெரிய பழி கிடையாது. துணி மிச்சம் புடிக்கிறான்னு ஒரு பேரு வந்துட்டா அந்த தெருவுல கடைய நடத்த முடியாது. அவரு 44 வருஷமும் வெட்டுன மிச்ச துண்ட சுருட்டி சட்டையோட கவர்லயே வச்சு குடுத்தவரு, அதனால அவருக்கு இது வசதி சம்பந்தப்பட்ட விஷயமா தெரியல, நாணயம் சம்பந்தப்பட்ட விஷயமா தெரியுது. எனக்கும் இப்ப அப்படித்தான் தெரியுது.

அகலம் ஒரு பக்கம்னா நீளம் இன்னொரு பக்கம். ஏர்லைன்காரங்க பிட்ச்னு ஒரு அளவு சொல்லுவாங்க, ஒரு சீட்டுல ஒரு புள்ளிய வச்சு முன்சீட்டுல அதே புள்ளி வரைக்கும் எவ்ளோ தூரம்ங்கறதுதான் பிட்ச். நம்ம காலுக்கு கெடைக்கிற எடம் அது இல்ல, அதுல சீட்டோட முதுகு கனத்த கழிச்சுட்டு பாக்கணும். அமெரிக்காவுல பிளையர்ஸ் ரைட்ஸ்னு ஒரு பயணிகள் அமைப்பு கோர்ட்டுக்கு போனப்ப குடுத்த கணக்குப்படி, சராசரி பிட்ச் 35 இஞ்ச்ல இருந்து 31க்கு வந்துருச்சு, சில ஏர்லைன்ல 28. இந்த குறைப்ப மறைக்கிறதுக்குத்தான் சீட்டோட முதுகையே ஒல்லி பண்ணிட்டாங்க, ஸ்லிம்லைன் சீட்னு பேரு, புத்தகம் வைக்கிற பையை முட்டி கிட்ட இருந்து தூக்கி டிரேக்கு மேல கொண்டு போயிட்டாங்க. முட்டிக்கு ஒரு இஞ்ச் கெடைச்சிருக்கும், ஆனா உக்கார்ற எடத்துல ஃபோம் மெல்லிசா போச்சு, ரெண்டு மணி நேரத்துல இடுப்புக்கு கீழ மரத்துப் போகுது. அப்பா விரலால அமுத்திப் பாத்துட்டு, அடியில கம்பி தெரியுதுடான்னாரு.

நம்ம ஊர் பஸ்ஸுல இதவிட நெருக்கி உக்காந்து போறதில்லயான்னு கேக்கலாம். போறோம். ஆனா திருச்சில இருந்து சென்னைக்கு போற பஸ் வழியில ஒரு மோட்டல்ல நிக்கும், எறங்கி டீ குடிச்சு, பாத்ரூம் போயி, நாலு எட்டு நடந்துட்டு ஏறலாம். முப்பத்தஞ்சாயிரம் அடில எங்க எறங்குறது? எங்க பெரியப்பா எழுபதுகள்ல எம்.வி. சிதம்பரம் கப்பல்ல சிங்கப்பூர் போனவரு, 1985ல அந்த கப்பல் தீப்புடிச்சதோட அந்த போக்குவரத்தே நின்னு போச்சு. ஒரு வாரம் ஆகும், வாந்தி வரும், கீழ் தட்டுல நாத்தம் தாங்காதுன்னு சொல்லுவாரு, ஆனா மேல் தட்டுக்கு வந்து கடல பாத்துக்கிட்டு காலாற நடந்ததையும் சேத்துத்தான் சொல்லுவாரு. இப்ப அதே சிங்கப்பூருக்கு திருச்சில இருந்து நாலு மணி நேரத்துல போயிடலாம், அத நான் குறைவா நெனைக்கல.

இதையும் நேர்மையா சொல்லிடணும். விலை எறங்குனதாலதான் எங்க குடும்பம் பிளைட்டே ஏறுச்சு. அமெரிக்காவுல 1978 வரைக்கும் டிக்கெட் விலைய அரசாங்கம்தான் நிர்ணயம் பண்ணுச்சு, விலைல போட்டி போட முடியாததால ஏர்லைன்ஸ் எல்லாம் எடம், சாப்பாடு, உபசரிப்புன்னு போட்டி போட்டாங்க, அந்த வருஷம் கட்டுப்பாட்ட எடுத்ததும் விலை எறங்குச்சு, எடமும் சேந்து எறங்குச்சு. நம்ம ஊர்ல 2003ல ஏர் டெக்கான் வந்ததுக்கு அப்புறம்தான் சாதாரண ஆளுங்க டிக்கெட் விலைய கேக்கவே ஆரம்பிச்சாங்க. ராத்திரில திருச்சி ஏர்போர்ட்ல போயி நின்னு பாருங்க, அட்டப்பொட்டிய டேப் சுத்தி கயிறு கட்டி தள்ளிட்டு வர்றவங்கள்ல முக்காவாசி பேரு கட்டட வேலைக்கும் டிரைவர் வேலைக்கும் போற ஆளுங்க. அவங்களுக்கு ஐநூறு ரூபா குறைவுன்னா அது பெரிய காசு. 180, 189 பேர் போற விமானத்துல நாலு மணி நேரம் நெருங்கி உக்காந்து போறதுக்கு அவங்க ஒத்துக்குறாங்க, அது நியாயமான பேரம்தான். ஆனா இப்ப அதே மாதிரி ஒத்த வழி வச்ச சின்ன விமானங்கள் தூரமா போக ஆரம்பிச்சிருச்சு, ஏ321 எக்ஸ்எல்ஆர்னு 2024 கடைசில சேவைக்கு வந்தது 8,700 கிலோமீட்டர் பறக்கும்னு சொல்றாங்க. நாலு மணி நேரத்துக்கு ஒத்துக்கிட்ட பேரத்த பத்து மணி நேரத்துக்கு நீட்டுனா அது அதே பேரம் கிடையாது.

பயணிங்க விலைய மட்டும்தான் பாக்குறாங்க, எடம் குடுத்தா மதிக்க மாட்டேங்குறாங்கன்னு ஏர்லைன் பக்கம் ஒரு வாதம் இருக்கு. அதுக்கு ஆதாரமும் வச்சிருக்காங்க. 2000ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் எகானமில இருந்து சில வரிசைகள கழட்டிட்டு எல்லாருக்கும் காலுக்கு எடம் கூட்டிக் குடுத்தாங்க, ஏழாயிரம் சீட்டுக்கு மேல எடுத்தாங்க. அதுக்காக யாரும் கூட காசு குடுத்து வரல, நாலு வருஷத்துக்குள்ள சீட்டெல்லாம் திரும்பி வந்துருச்சு. இந்த கதைய எல்லா எடத்துலயும் சொல்லுவாங்க. எனக்கு இதுல ஒரு கேள்வி இருக்கு. டிக்கெட் வாங்குறவனுக்கு அந்த இஞ்ச் எங்க தெரியுது? நம்ம ஊர் டிக்கெட் ஆப்ப தெறந்தா பைக்கு 15 கிலோ, கைப்பைக்கு 7 கிலோன்னு கிராம் தப்பாம சொல்றாங்க, கூட ஒரு கிலோ இருந்தா அதுக்கு ரேட்டும் ரெடியா இருக்கு. ஆள் உக்கார்ற எடம் எத்தன இஞ்ச்ங்கறது மட்டும் பல ஆப்ல தேடுனாலும் கெடைக்காது. கூகுள் பிளைட்ஸ்ல காலுக்கான அளவு வருது, சீட் அகலம் அதுலயும் வர்றதில்ல. அளவு போடாத துணிய விலைய மட்டும் பாத்து வாங்கிட்டு போறவன, இவனுக்கு அளவு முக்கியமில்லன்னு சொன்னா எப்படி.

அன்னைக்கு ராத்திரிக்கு திரும்பி வர்றேன். ஏழாவது மணி நேரம் இருக்கும், மறுபடி போனேன். டிரேல தண்ணி டம்ளர் ஃபுல்லா அப்படியே இருந்துச்சு, மூடிகூட பிரிக்கல. ஏன்ப்பா குடிக்கலன்னா, குடிச்சா பாத்ரூம் போகணும், போனா பக்கத்துல தூங்குற புள்ளைய எழுப்பணும், எதுக்குங்கறாரு. அதுக்கு முன்னாடி குடுத்த ஜூஸையும் வேணாம்னு சொல்லியிருக்காரு. ஏறுனதுல இருந்து ஒரு தடவகூட எந்திரிக்கல. எனக்கு வயித்த கலக்கிருச்சு, ஏன்னா கெளம்புறதுக்கு முன்னாடி டாக்டர் தெளிவா சொல்லி அனுப்புனது ரெண்டே விஷயம்தான், தண்ணி குடிக்கணும், மணிக்கு ஒரு தடவ எந்திரிச்சு நடக்கணும்.

கால்ல இருக்குற ரத்தக்குழாய்ல ரத்தம் உறையறத டி.வி.டி.ன்னு (DVT) சொல்றாங்க, அது நகர்ந்து நுரையீரலுக்கு போனா உயிருக்கே ஆபத்து. உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வுல, நாலு மணி நேரமோ அதுக்கு மேலயோ அசையாம உக்காந்து பயணம் பண்ணா இந்த ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆகுதுன்னு சொல்லியிருக்காங்க, பிளைட்டுக்கு மட்டும் இல்ல, கார், பஸ், ரயில் எல்லாத்துக்கும்தான். நல்ல ஆரோக்கியமா இருக்குறவங்கள்ல ஆறாயிரம் பேர்ல ஒருத்தருக்கு வரலாம்ங்கறது அவங்க கணக்கு. பயப்பட வேண்டிய அளவு இல்லன்னு சொல்லலாம், ஆனா எழுபது வயசுல அந்த ஆறாயிரம் கணக்கு அப்படியே பொருந்தாது. இது பிளைட்டோட பொறந்த வியாதியும் இல்ல. 1940ல லண்டன்ல குண்டு போட்டப்ப சுரங்க ஷெல்டர்ல ராத்திரி முழுக்க மடக்கு நாற்காலில உக்காந்தே தூங்குனவங்க இப்படி செத்துப் போறத டாக்டருங்க அப்பவே கவனிச்சு எழுதியிருக்காங்க. உக்கார்ற எடத்தோட வடிவம் உடம்ப என்ன பண்ணும்னு எண்பது வருஷமா தெரியும்.

நான் உக்கார வேற எடம் எதுவும் காலியா இல்ல. ஏர் ஹோஸ்டஸ் பொண்ணு நல்லவிதமாத்தான் பேசுச்சு, ஆனா அவங்க கைல ஒண்ணும் இல்ல. கடைசில அப்பாவுக்கு பக்கத்துல வழியோரமா உக்காந்திருந்த தெலுங்கு பையன், மாஸ்டர்ஸ் படிக்க போறவன், நாங்க பேசுறத கேட்டுட்டு அவனே எந்திரிச்சு, அங்கிள் நீங்க இங்க வாங்க, நான் உள்ள போறேன்னு சொல்லி மாறி உக்காந்தான். அவனும் ஆறடி இருப்பான். அதுக்கு அப்புறம்தான் அப்பா தண்ணி குடிச்சாரு, பாத்ரூம் போனாரு, பின்னாடி கிச்சன் பக்கம் நின்னு கால உதறுனாரு. அந்த தம்பி நல்லா இருக்கணும். ஆனா யோசிச்சுப் பாருங்க, ஏர்லைன் குறைச்ச எடத்த ஈடு கட்டுறது யாருன்னா இன்னொரு பயணி. எப்பவும் அப்படித்தான் நடக்குது. முன்சீட்டுக்காரன் சாஞ்சான்னு பின்சீட்டுக்காரன் சண்டைக்கு போறான், 2014ல அமெரிக்காவுல சீட்ட சாய விடாம தடுக்குற ஒரு பிளாஸ்டிக் கருவிய மாட்டுனதுக்கு ரெண்டு பயணிங்க சண்டை போட்டு விமானத்தையே பாதி வழியில சிகாகோல எறக்குனாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல இருந்த எடத்த வித்தது யாருன்னு அவங்க ரெண்டு பேருமே கேக்கல.

அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொன்னேனே, அது நம்ம ஊர் பழக்கம், நல்ல பழக்கம்தான். மூணு பேர் சீட்டுல நாலாவதா ஒரு அம்மா கைக்குழந்தையோட வந்தா நகர்ந்து எடம் குடுப்போம். மனுஷனுக்கு மனுஷன் அட்ஜஸ்ட் பண்றது அன்பு. ஆனா அந்த அன்ப கணக்குல வச்சு ஒரு கம்பெனி சீட்ட வித்துட்டு, பிரச்சனைன்னு போனா நீங்களே பேசி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கன்னு சொல்றத என்னால ஏத்துக்க முடியல. நம்ம நாட்டு விமானப் போக்குவரத்த கண்காணிக்கிற டிஜிசிஏ 2024ல ஒரு உத்தரவு போட்டாங்க, 12 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு அதே புக்கிங்ல வர்ற அப்பா அம்மால ஒருத்தர் பக்கத்துலயாவது சீட்டு குடுக்கணும்னு. அத படிச்சப்ப சந்தோஷமா இருந்துச்சு. வயசானவங்க, கூட வர்ற புள்ள பக்கத்துல உக்கார்றதுக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும்.

சரி, சட்டம் இத பத்தி என்ன சொல்லுது. அமெரிக்காவுல அந்த பயணிகள் அமைப்பு போட்ட வழக்குல 2017 ஜூலைல அப்பீல் கோர்ட் தீர்ப்பு வந்துச்சு, நீதிபதி பேட்ரிசியா மில்லட் அந்த வழக்குக்கே சுருங்கிக்கிட்டே போற விமான சீட் வழக்குங்கற மாதிரி ஒரு பேர வச்சு, சீட்டுக்கு அளவு நிர்ணயம் பண்ண மாட்டோம்னு அந்த நாட்டு விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ சொன்ன காரணம் போதாது, திரும்ப பரிசீலிங்கன்னு அனுப்புனாங்க. 2018ல அமெரிக்க பார்லிமென்ட்லயே சட்டம் வந்துச்சு, ஒரு வருஷத்துக்குள்ள சீட்டுக்கு குறைஞ்சபட்ச அளவு நிர்ணயம் பண்ணணும்னு. எஃப்ஏஏ ஓக்லஹோமா சிட்டில 720 பேர வச்சு, அவசரத்துல வெளிய வர்ற சோதனை நடத்துனாங்க. அந்த 720 பேர்ல அறுபது வயசுக்கு மேல ஒருத்தர்கூட கிடையாது, குழந்தைங்க கிடையாது, மாற்றுத்திறனாளிங்க கிடையாது. 2022ல பொதுமக்கள்கிட்ட கருத்து கேட்டாங்க, 26,000 பேருக்கு மேல எழுதிப் போட்டாங்க. அடுத்த வருஷம் அந்த அமைப்பு மறுபடி கோர்ட்டுக்கு போயி அளவ அறிவிக்கச் சொல்லி கேட்டப்ப, கோர்ட் கட்டாயப்படுத்த மறுத்துருச்சு. ஒரு வருஷத்துல வந்திருக்க வேண்டிய நம்பர் அது.

விமானத்துல இருக்குற எல்லாரும், பாதி கதவு மட்டும் தெறந்திருக்குற நிலைல, 90 செகண்டுல வெளிய வரணும்ங்கறது விதி. ஏ380க்கு 2006ல ஹாம்பர்க்ல சோதனை பண்ணப்ப 873 பேரு 78 செகண்டுல வெளிய வந்தாங்க, பெரிய சாதனைதான். 2024 ஜனவரி 2ஆம் தேதி டோக்கியோ ஹனேடால ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஓடுபாதைல மோதி எரிஞ்சப்ப உள்ள இருந்த 379 பேரும் உயிரோட தப்பிச்சாங்க, அத டிவில பாத்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனா 1985ல மான்செஸ்டர்ல ஒரு விமானம் தரைல இருக்கும்போதே தீப்புடிச்சு 55 பேரு போயிட்டாங்க, புகைல, நெருக்கடில வழிக்கு வர முடியாம போனவங்க நெறைய. அதுக்கு அப்புறம் பிரிட்டன்ல சோதனையெல்லாம் பண்ணிப் பாத்து, 1989ல ஒரு விதி போட்டாங்க: முதுகு சாயுற எடத்துக்கும் முன்சீட்டுக்கும் நடுவுல 26 இஞ்சுக்கு குறையக் கூடாதுன்னு. அப்போ ஒரு அரசாங்கம் நெனச்சா இஞ்ச் கணக்கு போட முடியும், போட்டிருக்காங்க. அப்பா அளந்த 27½ அந்த கணக்குப்படி பாஸ்தான், அதையும் மறைக்கல. ஆனா 26ங்கறது எந்திரிச்சு ஓடுறதுக்கு எடுத்த அளவு, பதினாறு மணி நேரம் உக்கார்றதுக்கு எடுத்த அளவு இல்ல. அதுவும் முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது, அதுக்கு அப்புறம் எல்லா ஊர்லயும் மனுஷங்க பெருத்திருக்கோம், எங்க அப்பா கடைல 36 சைஸ் கேட்டவங்களோட புள்ளைங்க 42 கேட்டு வந்தாங்க.

நான் கேக்குறது ரெண்டு. பைக்கு கிலோ போடுற மாதிரி டிக்கெட்டுல சீட்டோட அகலத்தையும் பிட்ச்சையும் இஞ்ச்ல போடணும், காசு கட்டுறதுக்கு முன்னாடி கண்ணுல படுற மாதிரி. ரெண்டாவது, எத்தன மணி நேரம் பறக்குதுங்கறத வச்சு ஒரு குறைஞ்சபட்ச அளவு, அதுக்கு கீழ யாரும் போகக்கூடாதுன்னு. டிக்கெட் விலை கொஞ்சம் ஏறும். ஏறட்டும், வரிசைக்கு ஒம்போது பேரு உக்காந்தப்பவும் ஏர்லைன்ஸ் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு.

எகானமில எடம் குறைஞ்சுக்கிட்டே வந்த அதே காலத்துலதான் முன்னாடி பிசினஸ் கிளாஸ்ல படுக்கையும் கதவும் வந்துச்சு, நடுவுல பிரீமியம் எகானமின்னு ஒண்ணு வந்துச்சு. அந்த பிரீமியம் எகானமில குடுக்குற பிட்ச் 38 இஞ்ச் பக்கம், பழைய எகானமில இருந்து ரொம்ப தூரம் இல்ல. கொஞ்ச நேரம் நின்னு யோசிச்சா அது என்னன்னு புரியும், முன்னாடி டிக்கெட்டோட சேந்து வந்தத தனியா எடுத்து பேர மாத்தி விக்கிறாங்க.

வயசானவங்கள அனுப்புறவங்களுக்கு, நான் காசு கட்டி கத்துக்கிட்டது. புக் பண்ணும்போது விமானம் எதுன்னு பாருங்க, விலைக்கு அடுத்து அதத்தான் பாக்கணும். ஏ380, ஏ350, ஏ330 மாதிரி ஏர்பஸ் பெரிய விமானங்கள்ல எகானமி சீட்டு பெரும்பாலும் 18 இஞ்ச் பக்கம் வரும், ஏ330ல 2-4-2ங்கறதால ரெண்டு பேரா போறவங்களுக்கு ஓரத்து ஜோடி சீட்டு கெடைக்கும், மூணாவது ஆள் தொல்லை இல்ல. ஏ350லயும் சில ஏர்லைன்ஸ் பத்து சீட்டு நுழைச்சிருக்காங்க, அதனால ஏரோலோபா மாதிரி சைட்டுல சீட் மேப்ப பாத்துக்கோங்க. 787லயும் ஏ350லயும் கேபின் காத்தழுத்தம் 6,000 அடி உயரத்துல இருக்குற மாதிரி வச்சிருப்பாங்க, பழைய விமானங்கள்ல 8,000 அடி வரைக்கும் போகும், தலைவலியும் அசதியும் கொஞ்சம் குறையும், இந்த ஒரு விஷயத்துல உண்மையிலயே முன்னேறியிருக்காங்க. வழியோர சீட்டுக்கு மட்டும் காசு குடுத்துடுங்க, வேற எதுல வேணும்னாலும் மிச்சம் புடிங்க.

டல்லாஸ்ல எறங்கும்போது அப்பாவோட ரெண்டு காலும் வீங்கி செருப்பு உள்ள போகல. வார அவுத்துட்டு இழுத்து இழுத்து நடந்தாரு. தங்கச்சி வெளிய கொழந்தையோட நின்னுட்டு இருந்தா, அவரு மொதல்ல கொழந்தையத்தான் பாத்தாரு, அவ மொதல்ல காலத்தான் பாத்தா. ரெண்டு நாள் கால தலகாணில தூக்கி வச்சு படுத்ததுக்கு அப்புறம் வீக்கம் வத்துச்சு, டாக்டர்கிட்டயும் காட்டிட்டோம், ரத்தக்கட்டி எதுவும் இல்ல.

அவருக்கு ரிட்டர்ன் மே மாசம். பழைய டிக்கெட்ட பெனால்டி கட்டி கேன்சல் பண்ணிட்டு, பெரிய தூரத்துக்கு ஏ350 போற மாதிரி வேற ரூட்ல போன வாரம் போட்டேன், வழியோர சீட்டு, வீல்சேரும் சொல்லியாச்சு. போன்ல விவரம் சொன்னப்ப பணம் எவ்ளோ ஆச்சுன்னு வழக்கம் போல கேப்பாருன்னு நெனச்சேன், கேக்கல.

"அது எத்தன இஞ்ச்?"

"பதினெட்டுன்னு போட்டிருக்குப்பா."

"சரி. ஏறுனதும் அளந்து பாத்துட்டு சொல்றேன்."